குழந்தை வண்டியில் பாப்பா யாரைப் பார்க்கணும்... அம்மாவையா, ரோட்டையா?

சேலத்தில் குழந்தைகளுக்கான பொருட்கள் விற்கும் பெரிய கடைகளுக்குப் போனால், வாசலிலேயே நாலைந்து ஸ்ட்ரோலர்கள் விரித்து நிறுத்தியிருக்கிறார்கள். விலையைக் கேட்டு, நிறத்தைப் பார்த்து, மடக்கி விரித்து முடித்ததும் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்பார். 'குழந்தை உங்க பக்கம் பார்க்கிற மாதிரி வேணுமா, முன்னாடி பார்க்கிற மாதிரி வேணுமா?'

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விழிக்கிறார்கள். 'எதுங்க நல்லது?' என்று திருப்பிக் கேட்டால், 'ரெண்டு பக்கமும் மாத்திக்கலாம், இதையே எடுத்துக்குங்க' என்று ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக உள்ளதைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வியாபாரம் அது. ஆனால், அந்தக் கேள்வி வியாபாரத்தைவிடப் பெரியது. தினமும் அரை மணி நேரம், ஒரு மணி நேரம் நம் குழந்தை எந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிற கேள்வி.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தள்ளுவண்டி என்றால் சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட்டுதான் நினைவுக்கு வரும். நடைவண்டி என்றால், குழந்தை நின்றபடி பிடித்துத் தள்ளி நடை பழகும் மூன்று சக்கர மரவண்டி. உள்ளே உட்கார வைத்து, கால் உந்தி ஓடவிடும் 'வாக்கர்' வேறு. குழந்தைகள் அதோடு படியில் உருண்டு விழுவதால் கனடா 2004-ல் அதைத் தடையே செய்துவிட்டது. நாம் இங்கே பேசுவது, குழந்தையைப் படுக்க வைத்தோ உட்கார வைத்தோ பெரியவர்கள் தள்ளிக்கொண்டு போகும் ஸ்ட்ரோலர் பற்றி மட்டும்.

ஸ்காட்லாந்தில் ஒரு மைல் நடந்து பார்த்தார்கள்

இந்தக் கேள்வியைக் கையில் எடுத்து ஆராய்ச்சி செய்தவர் சுசேன் ஸீடிக். அப்போது ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் குழந்தைகளின் உளவியலை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 2008-ம் ஆண்டு நவம்பரில் அவருடைய ஆய்வு வெளியானது. பிரிட்டன் முழுக்க ஊர் ஊராகத் தெருவில் நின்று, குழந்தையோடு போகும் 2,722 பெற்றோர்களைக் கவனித்துக் குறித்துக்கொண்டார்கள். குழந்தைகளில் 62 சதவிகிதம் பேர் முன்பக்கம் பார்க்கும் வண்டியில் போனார்கள். ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் உள்ளவர்களில் அது 86 சதவிகிதம். குழந்தையின் முகம் பார்த்தபடி தள்ளிய பெற்றோர்களில் 25 சதவிகிதம் பேர் குழந்தையிடம் பேசிக்கொண்டே போனார்கள். முதுகைப் பார்த்தபடி தள்ளியவர்களில் 11 சதவிகிதம் பேர்தான் பேசினார்கள். பாதிக்கும் குறைவு.

அடுத்ததாக 20 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, டண்டீ நகரத்தில் ஒரு மைல் தூரம் அம்மாக்களைத் தள்ளச் சொன்னார்கள். பாதி தூரம் குழந்தை அம்மாவைப் பார்க்க, மீதி தூரம் குழந்தை முன்பக்கம் பார்க்க. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தபோது 20 பேரில் ஒரே ஒரு குழந்தைதான் சிரித்தது. அம்மாவைப் பார்த்து உட்கார்ந்தபோது பாதிக் குழந்தைகள் சிரித்தன. அம்மாவைப் பார்க்கும்போது இதயத் துடிப்பும் சற்றே குறைந்தது. தூங்கிப்போவதும் ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது.

உடனே 'முன்பக்கம் பார்க்கிற வண்டி ஆபத்து' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டாம். 20 குழந்தைகள் என்பது மிகச் சின்ன எண்ணிக்கை. தெருவில் பார்த்த கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பேச ஆசைப்படும் அம்மாதான் முகம் பார்க்கும் வண்டியைத் தேடி வாங்கியிருப்பாளோ? இருக்கலாம். பிரிட்டனில் அப்போது அந்த வகை வண்டிகளின் விலையும் அதிகம். ஆக, வண்டி பேச வைத்ததா, பேசுகிறவர்கள் அந்த வண்டியை வாங்கினார்களா என்று அந்த எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு மைல் சோதனையில் அதே அம்மா, அதே குழந்தை. திரும்பியது இருக்கை மட்டும்தான். சிறிய சோதனைதான் என்றாலும், அதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முகத்தில் என்ன இருக்கிறது?

பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான். பால் குடிக்கும்போது அம்மாவின் முகம் இருக்கும் தூரம். அந்த வயதில் குழந்தையை ரோட்டைப் பார்த்து வைத்தால் அதற்கு ரோடு தெரியாது. மங்கலான வெளிச்சமும், எங்கிருந்தோ வரும் ஹாரன் சத்தமும்தான் இருக்கும்.

எட்டு, ஒன்பது மாதம் ஆகும்போது வேறொன்று ஆரம்பிக்கிறது. புதிதாக எதைப் பார்த்தாலும் குழந்தை சட்டென்று நம் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். நீங்களும் கவனித்திருப்பீர்கள். நாய் குரைத்தால் முதலில் நாயை, அடுத்த நொடி அம்மாவை. அம்மா சிரித்தால், சரி, பயமில்லை. அம்மா பதறினால் அழுகை.

இதைச் சோதித்த ஒரு ஆய்வு உளவியல் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 1985-ல் அமெரிக்காவில் ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு மேஜை மேல் விட்டார்கள். பாதி தூரத்தில் தரை ஒரு படி பள்ளமாக இறங்குவது போலத் தெரியும். ஆனால் மேலே கெட்டிக் கண்ணாடி, விழ முடியாது. எதிர்ப்பக்கம் அம்மா. பள்ளத்தருகே வந்ததும் குழந்தை அம்மாவைப் பார்க்கும். அம்மா சந்தோஷமான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் தைரியமாகத் தவழ்ந்து கடந்து போனார்கள். அம்மா பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. அம்மா ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முகம் மட்டும்தான்.

இப்போது ரோட்டுக்கு வாருங்கள். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும் பத்து மாதக் குழந்தைக்கு எதிரே ஒரு லாரி வருகிறது. ஏர் ஹாரன் அடிக்கிறது. குழந்தை யாரைத் திரும்பிப் பார்க்கும்? பெல்ட் போட்டிருக்கிறது, தலைக்கு மேலே துணிக் கூரை. அம்மா பின்னால் இருக்கிறாள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த இன்னொரு சோதனையும் உண்டு. குழந்தையோடு கொஞ்சி விளையாடிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று எந்த உணர்ச்சியும் இல்லாமல் சில நிமிடம் கல் போன்ற முகத்துடன் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை நீட்டும், கத்திப் பார்க்கும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். இதை நான் ஸ்ட்ரோலருக்காகச் சொல்லவில்லை, செல்போனுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் ரூபாய் கொடுத்து முகம் பார்க்கிற வண்டி வாங்கி, ஒரு கையில் வண்டியையும் இன்னொரு கையில் போனையும் பிடித்துக்கொண்டு போனால், குழந்தை பார்ப்பது அந்தக் கல் முகத்தைத்தான். அதற்கு முன்பக்கம் பார்த்து ஆட்டுக்குட்டியை வேடிக்கை பார்ப்பது எவ்வளவோ மேல்.

இடுப்பு என்ற பழைய வண்டி

பனமரத்துப்பட்டி பக்கம் யாரும் இவ்வளவு யோசித்ததில்லை. ஏனென்றால் அங்கே குழந்தை போகிற வண்டி இடுப்புதான். அரளிப் பூவுக்குப் பேர் போன ஊர். விடியும் முன்பே மொட்டுப் பறிக்கப் போகிற பெண்கள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக் கொண்டுபோய், மர நிழலில் சேலையில் தூளி கட்டிப் போட்டு வேலை செய்து வளர்த்த வீடுகள் எத்தனையோ.

இடுப்பில் உட்கார்ந்த குழந்தை எங்கே பார்க்கிறது? யோசித்துப் பாருங்கள். பக்கவாட்டில். தலையை ஒரு பக்கம் திருப்பினால் அம்மா முகம், ஒரு சாண் தூரத்தில். மறுபக்கம் திருப்பினால் ஊர் முழுக்க. வெள்ளாடு, பஸ், கோயில் மணி, தூரத்தில் ஜருகுமலை. எப்போது எதைப் பார்ப்பது என்பது குழந்தையின் விருப்பம். அம்மா 'அங்க பாரு நிலா' என்று விரல் நீட்டும்போது இருவர் கண்ணும் ஒரே உயரத்தில், ஒரே பக்கம் பார்க்கின்றன. இருவரும் ஒன்றைச் சேர்ந்து பார்ப்பது, அதற்கு ஒரு பெயர் சொல்வது... குழந்தை மொழி கற்கும் வழியே இதுதான். சோறு ஊட்டும் சாக்கில் நம் பாட்டிகள் தினமும் நடத்திய பாடம் இது. 'முகம் பார்க்கணுமா, ஊர் பார்க்கணுமா' என்று வண்டிக் கம்பெனிகள் மண்டையை உடைத்துக்கொள்ளும் விஷயத்தை இடுப்பு எப்போதோ தீர்த்து வைத்துவிட்டது.

தூக்கி நடப்பதற்கே ஒரு பலன் உண்டு என்று மருத்துவ ஆய்வுகளும் சொல்கின்றன. கனடாவின் மான்ட்ரியலில் 1986-ல் வெளியான ஆய்வில், வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்துக்கொள்ளப்பட்ட குழந்தைகள் ஆறு வார வயதில் 43 சதவிகிதம் குறைவாக அழுதன. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு மையம் 2013-ல் கண்டது இன்னும் சுவாரஸ்யம். குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பதைவிட, தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தால் உடனே அழுகை குறைகிறது, இதயத் துடிப்பும் தணிகிறது. 'உட்கார்ந்தா அழுவுது, எந்திரிச்சு நடந்தா நிறுத்திடுது' என்று அம்மாயிகள் சொல்வது சும்மா இல்லை. டண்டீ ஆய்விலும், தூக்கிக்கொண்டு போனவர்களும் நடத்திக் கூட்டிப்போனவர்களும் முன்பக்க வண்டிக்காரர்களைவிட அதிகம் பேசினார்கள்.

அப்படியானால் ஸ்ட்ரோலரே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சிசேரியன் ஆன உடம்போடு எட்டு கிலோ குழந்தையை இடுப்பில் சுமந்து நடக்கச் சொல்வது பாவம். அறுபது வயதுப் பாட்டிக்கு முட்டி வலி. தூக்கிச் சுமப்பது பெண்களின் முதுகில்தான் எப்போதும் விழுந்திருக்கிறது என்பதையும் மறந்துவிட்டுப் பழசைப் புகழ முடியாது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இடுப்பில் தூக்கக் கூச்சப்படுகிற அப்பாக்கள்கூட வண்டி என்றால் ஜம்மென்று தள்ளிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்! அதற்காகவே ஒன்று வாங்கலாம்.

முன்பக்கம் பார்க்கும் வண்டி எப்படி வழக்கமானது?

இது யாரும் குழந்தையின் நலனை யோசித்து எடுத்த முடிவு அல்ல. மடக்குவதற்காக வந்தது.

இங்கிலாந்தில் 1733-ல் டெவன்ஷையர் பிரபு வீட்டுக் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்ற கட்டடக் கலைஞர் செய்த வண்டியைத்தான் முதல் குழந்தை வண்டி என்பார்கள். சங்கு வடிவம், இழுப்பதற்கு ஆடு அல்லது குட்டிக் குதிரை. பிறகு வந்த பெரிய தொட்டில் வண்டிகளில் குழந்தை, தள்ளுகிறவரைப் பார்த்துத்தான் படுத்திருக்கும். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினத்தவர், தொட்டிலை இரண்டு பக்கமும் திருப்பி மாட்டும் வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். கடைக்காரர் புதுசு என்று காட்டும் 'ரெண்டு பக்கமும் மாத்தலாம்' வசதிக்கு வயது 130-க்கும் மேல்.

திருப்பம் 1965-ல் வந்தது. ஓவன் மக்ளாரன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர், இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்தவர். மகள் மாஸ்கோவிலிருந்து குழந்தையோடு வந்தபோது, கனமான வண்டியைத் தூக்கிக்கொண்டு விமானப் பயணம் செய்யும் பாட்டைப் பார்த்தார். அலுமினியக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்கும் வைத்து, குடை போல மடங்கும் வண்டியைச் செய்தார். எடை 3 கிலோவுக்கும் கீழே. உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. ஆனால் குடை மாதிரி மடங்க வேண்டுமென்றால் இருக்கை சட்டத்தோடு ஒட்டிய வெறும் துணியாக இருக்க வேண்டும்; திருப்பி மாட்ட முடியாது. அதனால் குழந்தை முன்பக்கம் திரும்பியது. பஸ்ஸிலும் ரயிலிலும் கார் டிக்கியிலும் ஏற்ற வேண்டிய தாய்மார்களுக்கு அது பெரிய விடுதலை. விலையாகக் கொடுத்தது அந்த முகத்தை.

நம் ரோடு, நம் வெயில்

வெளிநாட்டு ஆய்வுகளில் நடைபாதை என்ற ஒன்று இருக்கிறது. பனமரத்துப்பட்டியிலிருந்து சேலத்துக்கு டவுன் பஸ் ஏறுகிறவர்களுக்கு ஸ்ட்ரோலரை எங்கே வைப்பது? கூட்டத்தில் படி ஏறும்போது ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் வண்டி, தோளில் பை. சிங்கப்பூரில் வண்டியை மடக்காமலே குழந்தையோடு பஸ்ஸில் ஏற்ற 2017 முதல் அனுமதி உண்டு. நமக்கு அந்தக் காலம் வரும்வரை, ஊருக்குள் வாங்கும் வண்டி நடமாடும் இடங்கள் வீட்டு வாசல், தெரு, கோயில் பிராகாரம், கல்யாண மண்டபம், சேலம் அண்ணா பூங்கா, எப்போதாவது ஏற்காடு. இதை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

சேலம் பக்கம் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயில் படாமலிருக்க வண்டியின் மேல் துண்டையோ மெல்லிய துணியையோ மூடிவிடுவது எல்லோரும் செய்வது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி பல்கலைக்கழகத்தில் 2023-ல் அளந்து பார்த்தார்கள். உலர்ந்த துணியால் மூடினால் உள்ளே சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் கூடுகிறது, காற்றோட்டம் நின்றுவிடுகிறது. அதே துணியை நனைத்துப் போட்டு, சின்ன மின்விசிறி ஒன்றைக் கிளிப் போட்டு மாட்டினால் வெளியே இருப்பதைவிட ஏறக்குறைய 5 டிகிரி குறைகிறது. துணி காயக் காய நனைக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புவது அதைவிடச் சுலபம்.

இங்கேதான் இரண்டு பக்கமும் திருப்பும் வண்டிக்கு நம் ஊரில் ஒரு தனி உபயோகம் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேற்கே போகும்போது முகத்தில் வெயில் அடித்தால் இருக்கையைத் திருப்பிவிடலாம். விளம்பரத்தில் யாரும் இதைச் சொல்வதில்லை.

புகையும் கவனிக்க வேண்டியது. இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு 2018-ல் சொன்னது இது. ஸ்ட்ரோலரில் குழந்தை சுவாசிக்கும் உயரம் தரையிலிருந்து முக்கால் மீட்டர் போலத்தான். வாகனப் புகைக்குழாய்க்கு அருகே. அதனால் கூட நடக்கும் பெரியவரைவிட 60 சதவிகிதம் வரை அதிக மாசை அது சுவாசிக்க நேரிடலாம். எந்தப் பக்கம் பார்த்தாலும் இது மாறாது. பஸ் ஸ்டாண்டிலும் சிக்னலிலும் குழந்தையைத் தூக்கிக்கொள்வதுதான் வழி.

அரளித் தோட்டத்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று. அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்த குழந்தை கை நீட்டி எதைப் பறித்தது, எதை வாயில் வைத்தது என்று பின்னால் தள்ளுகிற உங்களுக்குத் தெரியாது. கடலை, பிஸ்கட் தொண்டையில் சிக்கினாலும், கக்கினாலும், தலை தொங்கி மூச்சு சிரமப்பட்டாலும் அப்படியே. முகம் தெரிய வேண்டும் என்பதற்கு என்னைக் கேட்டால் பேச்சைவிட இதுவே பெரிய காரணம், முக்கியமாக முதல் ஆறு மாதத்தில்.

கைப்பிடி திரும்புமா, இருக்கை திரும்புமா?

கடையில் 'ரிவர்சிபிள்' என்று சொன்னால் எது திரும்புகிறது என்று கேளுங்கள். இரண்டு வகை இருக்கிறது.

நம் ஊர்க் கடைகளில் குறைந்த விலையில் கிடைப்பது கைப்பிடி திரும்பும் வகை. இருக்கை அப்படியே இருக்கும். கைப்பிடியை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சாய்த்துப் பூட்டினால் நீங்கள் குழந்தைக்கு எதிரே வந்துவிடுவீர்கள். வாங்கும்போது நன்றாகத்தான் தெரியும். ஆனால் சுழலும் சக்கரங்கள் முன்னால் இருப்பவை. கைப்பிடியைத் திருப்பியதும் அவை உங்கள் காலடிக்கு வந்துவிடும், திரும்பாத சக்கரங்கள் முன்னே போய்விடும். வளைவில் திருப்புவது கஷ்டம். பிரேக் மிதியும் எதிர்ப்பக்கம் போய்விடும். சரிவில் நின்றுகொண்டு சுற்றிப் போய் பிரேக் மிதிக்க வேண்டி வந்தால் யோசித்துப் பாருங்கள். கடையிலேயே ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை உட்கார வைத்து, கைப்பிடியைத் திருப்பித் தள்ளிப் பாருங்கள். நாலு பேர் பார்த்தால் பார்க்கட்டும். சில மாடல்களில் நான்கு சக்கரமும் சுழலும், தேவைப்படுவதைப் பூட்டிக்கொள்ளலாம். கிடைத்தால் அது நல்லது.

இருக்கையையே கழற்றித் திருப்பி மாட்டும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. விலையும் எடையும் கூடுதல். மாடி வீடு என்றால் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குடை போல மடங்கும் லேசான வண்டி, குழந்தை நன்றாக உட்கார்ந்த பிறகுதான். தலை நிற்க நாலு மாதம் போல ஆகும், தானாக உட்கார ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை முதுகை முழுவதும் சாய்த்துப் படுக்க வைக்க முடிகிற வண்டிதான் வேண்டும். நிமிர்ந்த இருக்கையில் கைக்குழந்தையின் தலை முன்னே தொங்கினால் மூச்சுக்குழாய் அழுந்தும்.

எந்த வயதில் எந்தப் பக்கம்?

என் கருத்து இது. ஆறு மாதம் வரை யோசிக்கவே வேண்டாம், உங்களைப் பார்த்தபடி. ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை பெரும்பாலும் உங்களைப் பார்த்தே. புது இடம், கூட்டம், ட்ராஃபிக் என்றால் கட்டாயம். ஒரு வயதுக்குப் பிறகு குழந்தையே சொல்லிவிடும். வண்டியில் முறுக்கிக்கொண்டு, பெல்ட்டை இழுத்து, கழுத்தை வளைத்து ரோட்டைப் பார்க்க முயலும். அப்போது திருப்பிவிடுங்கள். வேடிக்கை பார்ப்பதும் படிப்புதான். சில குழந்தைகளுக்கு எதிர்த்திசையில் போனால் குமட்டும்; சிலது முன்பக்கம் பார்த்தால் அரண்டுபோய் அழும். உங்கள் குழந்தை எந்த ரகம் என்று ஆய்வாளரைவிட உங்களுக்குத்தான் தெரியும்.

ஏற்கெனவே முன்பக்கம் பார்க்கும் வண்டி பரிசாக வந்துவிட்டதா? வெளிநாட்டிலிருந்து அண்ணன் அனுப்பியதைத் தூக்கியா போட முடியும்! ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தி, முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்து முகத்தைக் காட்டுங்கள். தள்ளும்போது குரல் கொடுத்துக்கொண்டே போங்கள். 'இதா பாரு, மாடு வருது. மாடு என்ன பண்ணுது?' இரண்டு பேர் போனால் ஒருவர் வண்டிக்குப் பக்கத்தில், குழந்தை பார்க்கிற தூரத்தில் நடக்கலாம்.

பேரன் பேத்தியைப் பார்த்துக்கொள்ள அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகும் தாத்தா பாட்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, பகல் முழுக்க அந்தக் குழந்தையிடம் தமிழ் பேசுகிற ஒரே ஆள் நீங்கள்தான். அங்கே தினசரி நடை என்றால் ஸ்ட்ரோலர்தான். குழந்தையை உங்கள் பக்கம் திருப்பி உட்கார வைத்தால், ஒரு மணி நேர நடையில் எத்தனை தமிழ் வார்த்தை, எத்தனை முகம்! 'இங்க தெருவுல ஒரு ஆளைக் காணோம், யாருகிட்டப் பேசறது?' என்று போனில் குறைப்படுகிற அப்பாயிகளுக்கும் எதிரே ஒரு துணை கிடைக்கும்.

காரையும் பைக்கையும் இதோடு சேர்க்காதீர்கள்

காரில் குழந்தை இருக்கையைப் பின்பக்கம் பார்த்து மாட்டச் சொல்வது பேச்சுக்காக அல்ல, உயிருக்காக. மோதும்போது சின்னக் குழந்தையின் கனமான தலையும் மெல்லிய கழுத்தும் முன்னே வீசப்படாமல் இருக்கை முதுகு முழுவதும் தாங்கிக்கொள்ளும். இருக்கையின் அளவு அனுமதிக்கும்வரை பின்பக்கம் பார்த்தே வைக்கச் சொல்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். ஸ்வீடனில் நாலு வயது வரைகூட அப்படி வைக்கிறார்கள். ஸ்ட்ரோலரில் திருப்பலாம், காரில் 'பாவம், வேடிக்கை பார்க்கட்டும்' என்று அவசரப்பட்டுத் திருப்பக் கூடாது.

நம் ஊர்களில் குழந்தை அதிகம் போவது பைக்கில்தான். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு இணைக்கும் பாதுகாப்பு பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசின் விதி 2023 பிப்ரவரியிலிருந்து இருக்கிறது. பெட்ரோல் டாங்க் மேல் முன்பக்கம் பார்த்து உட்கார வைத்துக்கொண்டு போவதைத்தான் இன்னும் தினமும் பார்க்கிறோம்.

வாங்கும்முன் இன்னும் சில

பெல்ட் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, காலிடுக்கு என ஐந்து இடத்திலும் பிடிக்க வேண்டும். இடுப்புக்கு மட்டும் உள்ள பெல்ட்டில் குழந்தை நழுவி இறங்கும். சக்கரம் பெரிதாக இருந்தால் நம் தெருவுக்கு நல்லது. சின்னச் சக்கரம் வேகத்தடையிலும் சாக்கடை மூடியின் இடுக்கிலும் மாட்டிக்கொள்ளும். காய்கறிப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடாதீர்கள். குழந்தையைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்பக்கம் சாயும், சில சமயம் குழந்தை உள்ளே இருக்கும்போதே. பையை வைக்க அடியில் கூடை இருக்கிறது.

மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது. மடங்கும் கீலில் விரல் நசுங்கி நுனி துண்டான சம்பவங்களால், 2009-ல் அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் மூடி கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் புகழ்பெற்ற மக்ளாரன் வண்டிகளுக்குத்தான்.

சொந்தத்தில் யாராவது பயன்படுத்திய வண்டி கிடைத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். இரண்டு வருடத்துக்கு மேல் யாருக்கும் அது தேவைப்படுவதில்லை. பிரேக் போட்டுச் சரிவில் நிறுத்திப் பாருங்கள், நகரக் கூடாது. பெல்ட் கொக்கி 'டக்'கென்று பூட்ட வேண்டும். கீல்களில் ஆட்டம் இருக்கக் கூடாது. துணியைக் கழற்றித் துவைத்து வெயிலில் காயவையுங்கள். பல வண்டிகள் 15 கிலோ வரைதான் தாங்கும். அந்த எடை வருவதற்குள், குழந்தை கீழே இறங்கி வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓட ஆரம்பித்துவிடும். உள்ளே பொம்மை உட்கார்ந்திருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் குழந்தையே முடிவு செய்துகொள்ளும்.